மாரடைப்பும் நம் இல்லங்களும்

மாரடைப்பு பணக்காரர் வியாதி என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. நெய்யும் இறைச்சியும் தின்று, மெத்தையில் சாய்ந்து, கணக்குப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு வருவது அது. உழைத்துப் பிழைக்கும் நமக்கு எங்கே வரப்போகிறது என்று பலரும் இருந்துவிடுகிறோம். இந்த எண்ணம் தவறு. தவறு என்பதோடு, ஆபத்தானதும் கூட. மாரடைப்பு ஏழைக்கும் வருகிறது. வந்த பிறகு பணக்காரரைவிட ஏழையையே அதிகமாகக் கொண்டு போகிறது. ஏன் இப்படி? இந்நோய் சில சமூகத்தாரை அதிகமாகவும் சிலரைக் குறைவாகவும் தாக்குவது எதனால்? நம் இல்லங்களில் நாம் செய்ய வேண்டியது என்ன? இம்மாதப் பாடத்தில் இவற்றைப் பார்ப்போம்.

வேப்பூரையே எடுத்துக்கொள்வோம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் இது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. பக்ரீதுக்கு முந்திய வாரங்களில் அந்தச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வியாபாரி, லாரி டிரைவர், விவசாயக் கூலி, விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி, கடை வைத்திருப்பவர், வளைகுடாவில் மகனை வைத்திருக்கும் தாய் என எல்லா வகையினரும் இப்பகுதியில் வாழ்கிறார்கள். இவர்களில் யாருக்கும் 'உனக்கு வராது' என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நோய் எப்படி உண்டாகிறது?

இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அந்த இதயத்தின் சதைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு செல்பவை இதயத்தின் மேற்புறத்தில் கிளை விட்டுப் படரும் சிறிய குழாய்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடிப்பு ஏற்படுகிறது. குழாய் குறுகிவிட்டால், மாடிப்படி ஏறும்போதும் பாரம் தூக்கும்போதும் இதயத்துக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை, நெஞ்சு இறுக்குகிறது. சற்று நின்றால் வலி தணிகிறது. இது எச்சரிக்கை.

சில வேளைகளில் அந்தத் தடிப்பு திடீரென வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை முற்றிலும் அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள சதை மடியத் தொடங்குகிறது. இதுதான் மாரடைப்பு. அடைப்பு நீங்காதவரை நிமிடத்துக்கு நிமிடம் சதை செத்துக்கொண்டே போகும். செத்த சதை மீண்டும் உயிர் பெறுவதில்லை. இந்தப் பாடத்தில் காலத்தைப் பற்றி நாம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

இரத்தமா, இருக்குமிடமா?

ஒரு சமூகத்தாருக்கு இந்நோய் அதிகம் வருகிறதென்றால், அது பிறவியிலேயே வந்த குறையா, வாழும் முறையால் வந்த வினையா என்ற கேள்வி எழும். இதற்கு ஜப்பானியரிடமிருந்து ஒரு பதில் கிடைத்தது. ஜப்பானில் வாழ்ந்தவர்கள், அங்கிருந்து ஹவாய்த் தீவில் குடியேறியவர்கள், இன்னும் அப்பால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 1970களில் வெளிவந்தன. ஜப்பானில் இருந்தவர்களுக்கு இதய நோய் மிகக் குறைவு. ஹவாயில் அதைவிட அதிகம். கலிபோர்னியாவில் எல்லாவற்றிலும் அதிகம். மூவரும் ஒரே வம்சத்தார். மாறியது ஊரும் உணவும் வாழ்க்கையும்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்லாந்து நாட்டின் வடகரேலியா மாகாணத்து ஆண்கள், ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக மாரடைப்பால் மாண்டவர்களில் சேர்ந்தவர்கள். வெண்ணெயும் கொழுத்த பாலும் உப்பும் புகையிலையும் அவர்கள் வாழ்க்கையோடு கலந்திருந்தன. 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் அங்கே ஓர் இயக்கம் தொடங்கிற்று. அது ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், கடை, பால் பண்ணை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. குடும்பப் பெண்களின் சங்கங்கள் ஊர் ஊராகக் கூடிச் சமையல் முறையை மாற்றக் கற்றுக்கொடுத்தன. ஏறத்தாழ 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. ஊரார் சேர்ந்து மனம் வைத்தால் விதி என்று எண்ணியிருந்தது மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

நம்மவர் கதை

இனி நம்மவரைப் பார்ப்போம். சிங்கப்பூரில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே தீவில், ஒரே வெயிலில் வாழ்கிறார்கள். பேராசிரியர் டி.ஜே. தனராஜும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கு நடந்த பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயக் குழாய் நோய் சீனரைக் காட்டிலும் இந்திய வம்சத்தாரிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது என்பதே அவர்கள் கண்டது. அங்குள்ள இந்தியரில் பெரும்பாலோர் தமிழர் என்பது யாவரும் அறிந்தது. தென்னாப்பிரிக்காவிலும் டிரினிடாட் தீவிலும் குடியேறிய இந்தியரிடையேயும் இதே நிலை காணப்பட்டது.

லண்டனில் 1980களில் நடந்த ஆய்வுகள் இன்னொரு செய்தியைச் சொல்லின. அங்கே குஜராத்தி இந்துக்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் மரக்கறி உண்பவர்கள். பஞ்சாபிச் சீக்கியர்கள் இருந்தார்கள். புகையிலையை அவர்கள் மார்க்கம் விலக்கியிருந்தது. பாகிஸ்தான், வங்காளதேச முஸ்லிம்கள் இருந்தார்கள். மதுவைத் தொடாதவர்கள், ஆனால் வங்காளதேசத்து ஆண்களிடம் சிகரெட் மிகுதி. உணவும் மதமும் பழக்கமும் இவ்வளவு வேறுபட்டிருந்தும், எல்லாருக்கும் இதய நோய் ஆங்கிலேயரைவிட அதிகமாகவே இருந்தது.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்ன? 1991-ல் மெக்கேக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதைச் சுட்டினார்கள். உடல் பருமனாகத் தெரியாவிட்டாலும் நம் நாட்டவருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. வயிற்றில் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அதிலிருந்து சர்க்கரை வியாதி வருகிறது. அதன் வழியே இதய நோய் வருகிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. மது அருந்துவதில்லை என்பதாலோ, ஐவேளை தொழுகிறோம் என்பதாலோ இந்நோய் நம்மை விட்டு விலகிவிடாது. மரக்கறி உண்பதால் அவர்களையும் விட்டுவிடவில்லை. மார்க்கம் விலக்கியதை விலக்குவது நம் கடமை. அதோடு, மார்க்கம் அனுமதித்ததிலும் அளவு மீறாதிருப்பது இன்னொரு கடமை. வயிற்றை மூன்று பங்காக்கச் சொன்ன நபிமொழியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அது விருந்துச் சஹனைச் சுற்றி அமரும்போதுதான் மறந்துபோகிறது.

ஒன்பது காரணங்கள்

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் பணியாற்றிவரும் டாக்டர் சலீம் யூசுப், 52 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார். 2004-ல் முடிவு வெளியாயிற்று. உலகில் முதன்முதலாக வரும் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றது அது. புகை பிடித்தல், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, வயிற்றுப் பருமன், மனச்சுமை, காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியவை எட்டு. ஒன்பதாவதாக மதுப் பழக்கமும் கணக்கில் எடுக்கப்பட்டது. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று சிலர் சொல்வதுண்டு. தெற்காசியரைத் தனியே பிரித்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி ஒரு நன்மை காணப்படவில்லை. ஆகவே அந்தப் பேச்சுக்கு நாம் செவி சாய்க்க வேண்டியதில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் கூறியது. பிற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 59 வயதில் வரும்போது, நம் பகுதி நாட்டவருக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது. 53 வயது என்றால் என்ன? மகளுக்கு வரன் பார்க்கும் வயது. மகன் படிப்பு முடியாத வயது. வீட்டுக் கடன் தீராத வயது. குடும்பத்தின் தூண் அப்போது சாய்கிறது. வளைகுடா நாடுகள் ஆறில் 2007-ல் எடுக்கப்பட்ட கணக்கிலும், அங்கே மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மேலை நாட்டு நோயாளிகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு இளையவர்களாக இருந்தார்கள். சர்க்கரையும் சிகரெட்டும் அவர்களிடம் மிகுந்திருந்தன. அங்கே உழைக்கும் நம் பிள்ளைகளுக்குப் போன் பேசும்போது சம்பளத்தைக் கேட்பதோடு, இரத்தக் கொதிப்பைப் பார்த்தாயா, சிகரெட்டை விட்டாயா என்றும் கேட்போமாக.

சென்னையில் கண்டது

நம் மாநிலத் தலைநகரில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். ஒன்று, தியாகராய நகரில் குறைந்த வருவாய் உள்ளவர்கள் வாழும் பகுதி. மற்றொன்று, திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தார் வாழும் பகுதி. 2001-ல் வெளியான முடிவின்படி, ஆராயப்பட்ட பெரியவர்களில் 11 சதவீதத்தாருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. நூற்றுக்குப் பதினொருவர்! ஒரு ஜும்ஆவில் 200 பேர் கூடியிருந்தால் அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அங்கே நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். நடைப்பயிற்சியின் அவசியத்தை எடுத்துச் சொன்னதும், நடுத்தரக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே உடற்பயிற்சி செய்பவர்களின் தொகை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. நடக்க இடம் கிடைத்தபோது ஜனங்கள் நடந்தார்கள்.

நாடு முழுதும் எடுத்த ஆய்வொன்று 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர் 10 கோடிக்கு மேல் என்றது அது. சர்க்கரை இருப்பவருக்கு மாரடைப்பு சில வேளை வலியில்லாமலே வரும். திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத சோர்வு மட்டுமே தெரியும். இதை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் இருத்த வேண்டும்.

நோய் ஒன்று, சிகிச்சை இரண்டு

இந்தியாவின் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து எழுதப்பட்ட அறிக்கை 2008-ல் வெளிவந்தது. மாரடைப்புக்குப் பின் 30 நாட்களுக்குள் மாண்டவர்கள், வசதி படைத்தோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழையின் இதயம் பலவீனமானதா? இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, குழாயைத் திறக்கும் சிகிச்சை ஆகியவை ஏழைக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன. அந்த வேற்றுமையைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, சாவில் இருந்த வேற்றுமையும் மறைந்துவிட்டது. அதாவது, ஏழையைக் கொன்றதில் நோயின் பங்கோடு கிடைக்காத சிகிச்சையின் பங்கும் இருந்தது.

2014-ல் வெளியான 17 நாட்டு ஆய்வும் இதையே உறுதி செய்தது. கொழுப்பு முதலான ஆபத்துக் காரணங்கள் பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஆனால் இதய நோயால் சாவது ஏழை நாடுகளில் அதிகம். மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்கள் தொடர்ந்து உண்ண வேண்டிய மாத்திரைகளைப் பற்றி 2011-ல் வந்த அறிக்கை இன்னும் வேதனையானது. ஏழை நாடுகளில் அப்படிப்பட்டவர்களில் 80 சதவீதத்தார் அந்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட உண்ணவில்லை. அவற்றில் பல மலிவானவை.

பொன்னான நேரம்

அந்த 2008 அறிக்கையில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய எண் 360. நெஞ்சுவலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு ஆன நேரத்தின் நடு அளவு அது; 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். பாதிப்பேர் அதற்கும் பின்னரே வந்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் மிகுந்த பலன் தரும். 12 மணி நேரத்துக்குப் பின் அதனால் பெரும் பயனில்லை.

ஆறு மணி நேரம் எங்கே போகிறது? வழியில் போவதைவிட வீட்டில் போவதே அதிகம். "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் குடிக்கிறோம். இஞ்சிச் சாறு கொடுக்கிறோம். நெஞ்சில் தைலம் தேய்க்கிறோம். ஓதி ஊதித் தண்ணீர் கொடுக்கிறோம். விடியட்டும் என்று காத்திருக்கிறோம். அத்தா வரட்டும், மாமா வரட்டும் என்று வீட்டுப் பெண்கள் வாசலைப் பார்க்கிறார்கள். துஆ ஓத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு ஓதுங்கள். வழி நெடுக ஓதுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மேல் பொறுப்புச் சாட்டுவதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை.

வேப்பூர் போன்ற ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். இங்கிருந்து விருத்தாசலம் 20 கிலோமீட்டருக்கு மேல். இதயக் குழாயைத் திறக்கும் வசதியுள்ள புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் அதைவிடப் பல மடங்கு தூரம். நேராகப் பெரிய ஊருக்கே போய்விடலாம் என்று எண்ணிப் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது பல வேளைகளில் உயிருக்கே உலையாகும். முதலில் அருகில் உள்ள ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, அடைப்பைக் கரைக்கும் மருந்து தந்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் நல்ல முறையே. தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளில் இம்முறையைச் சோதித்து 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே சங்கிலியாக இணைத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் மாண்டவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்.

108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-லிருந்து ஓடுகிறது. 2023-ல் அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காக ஏற்பட்டது அது. சாதாரண ஆஸ்பிரின் என்று இளப்பமாக எண்ண வேண்டாம். 1988-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்ததால் மட்டுமே ஐந்து வாரங்களுக்குள் நேரும் சாவு 23 சதவீதம் குறைந்தது. கரைக்கும் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது. ஆயினும் குடற்புண், இரத்தக் கசிவு, மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆகவே டாக்டரிடமோ 108-ல் பேசுபவரிடமோ கேட்டே கொடுக்க வேண்டும்.

நோன்பும் மருந்தும்

ரமலான் வந்துவிட்டால் இதய நோயாளி உள்ள வீடுகளில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு வைப்பது ஒன்று. டாக்டரைக் கேளாமலே நோன்பை விட்டுவிடுவது மற்றொன்று.

கத்தார் நாட்டு டாக்டர்கள் பல ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரமலான் மாதத்தில் மாரடைப்பாலோ இதயச் செயலிழப்பாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் தொகை, அதற்கு முந்திய, பிந்திய மாதங்களைவிட அதிகமாக இல்லை. ஆகவே நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர் டாக்டரின் யோசனையோடு நோன்பு வைக்கலாம். மாத்திரைகளை ஸஹரிலும் இஃப்தாரிலும் உண்ணுமாறு டாக்டர் நேரத்தை மாற்றித் தருவார். அதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே, ஷஅபானிலேயே போய்க் கேட்க வேண்டும்.

மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகாதவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், இதயச் செயலிழப்பு அடங்காதவர்கள் நோன்பு வைக்கக் கூடாது என்பதே டாக்டர்களின் கருத்து. நோயாளிக்கு இறைவன் தந்த சலுகை இவர்களுக்காகவே உள்ளது. அதை ஏற்பது ஈமானின் குறைவன்று. "எல்லாரும் நோன்பிருக்க நான் மட்டும் சாப்பிடுவதா" என்று முதியவர்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் வீட்டாரும் பேஷ் இமாமுமே.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதைத் தீர்மானித்துள்ளது. தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருந்தால், நெஞ்சுவலிக்காக நாக்கடியில் வைக்கும் மாத்திரை நோன்பை முறிக்காது என்றும், இதயக் குழாயைப் பார்ப்பதற்காக இரத்தக் குழாய் வழியே சிறு குழாயைச் செலுத்துவதும் நோன்பை முறிக்காது என்றும் அது கூறியது. தம் மத்ஹபின்படி விளக்கம் வேண்டுவோர் உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வலி அடங்காவிட்டால் மஸ்அலா பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல. உயிரைக் காப்பது முந்தியது. நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம்.

மருந்தில் ஹராம் கலப்பு என்ற ஐயமும் உண்டு. இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இது உண்மை. அதற்கு மாற்றாகச் செயற்கையாகத் தயாரிக்கும் ஃபோண்டாபரினக்ஸ் என்ற மருந்தும் உள்ளது. உங்கள் நோய்க்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. மாற்று இல்லாத ஆபத்து வேளையில் நிர்ப்பந்தத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படுவது. அதில் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டாக்டர் சொல்லாமல் குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் மாத்திரைகளை நிறுத்தினால் அந்த ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்துவிடக்கூடும். நோன்பு, உம்ரா, கல்யாணம் என எதன் பொருட்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது.

நம் வீட்டுப் பெண்கள்

பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டு பிந்தி வருகிறது என்று அந்த 52 நாட்டு ஆய்வு கூறியது. பிந்தி வருகிறதே தவிர, வராமலில்லை. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பெண்களின் இதயத்தை ஆண்களைவிட அதிகமாகவே கெடுக்கின்றன. பெண்களுக்கு வலி தாடையிலோ முதுகிலோ தெரியலாம்; குமட்டலாகவும் களைப்பாகவும் மட்டுமே தெரியலாம். அடுப்படியில் நின்று களைத்துவிட்டாள் என்று விட்டுவிடுகிறோம். ஆண்களுக்கு மார்வலி என்றால் கார் பிடிக்கிற வீட்டில், பெண்களுக்கு என்றால் கஷாயம் வைப்பது நியாயமா? பெண் டாக்டர் இல்லை என்று காத்திருப்பதும் அவசர வேளையில் கூடாது. பர்தாவைப் பேணிக்கொண்டே நடக்க மொட்டைமாடியும் அதிகாலைத் தெருவும் உண்டு. அவர்கள் நடக்க நேரம் ஒதுக்கித் தருவது வீட்டு ஆண்களின் பொறுப்பு.

வீட்டில் செய்யக்கூடியவை

இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. தையற்காரர் நாடா ஒன்று போதும் இதை அறிய. 30 வயதுக்கு மேற்பட்டோர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அக்குடும்பத்தார் கொழுப்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் இதில் இன்னும் விழிப்பாக இருப்பது நல்லது.

சமையலில் உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் சேர்த்தியே. வனஸ்பதியில் உள்ள கெட்ட கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியுள்ளது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்தால் வேறு கேடுகள் உண்டாகும். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு வரும் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் முப்பது நாளும் தேவையா என்று யோசிக்க வேண்டும். குர்பானி இறைச்சியில் கொழுப்பை நீக்கிச் சமைப்பதும், காய்கறியைக் கூட்டுவதும் வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிறது. பீடி, சிகரெட்டோடு புகையிலை போட்ட வெற்றிலையையும் விட வேண்டும். புகையை விட்டவருக்கு ஆபத்து அந்த ஆண்டிலிருந்தே குறையத் தொடங்குகிறது.

ஜமாஅத் செய்யக்கூடியவை

தனி மனிதர் செய்ய இயலாததை மஹல்லா செய்யலாம். ஆண்டுக்கொரு முறை மதரஸா வளாகத்தில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். 108 எண்ணையும், அருகில் இ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரியின் பெயரையும் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். இரவில் கார் தரக்கூடியவர்களின் பட்டியலை மோதினாரிடம் கொடுத்து வைக்கலாம். மாத்திரை வாங்க வழியில்லாதவருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவலாம். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வந்தது. அதில் பெயர் சேராத முதியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு மருந்து பெற வழிகாட்டலாம். இவையெல்லாம் தர்மத்தில் சேர்ந்தவை அல்லவா?

வீட்டில் கலந்து பேச

இப்பாடத்தைப் படித்தபின், ஒரு மாலை மஃரிபுக்குப் பிறகு குடும்பத்தார் கூடி அமர்ந்து கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை காண வேண்டுகிறோம்.

1. நம் வீட்டில் யாருக்குக் கொதிப்பு, யாருக்குச் சர்க்கரை? கடைசியாகப் பார்த்தது எப்போது?

2. இன்று நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யார் போன் செய்வது? எந்த ஆஸ்பத்திரி? ஆண்கள் வீட்டில் இல்லாதபோது பெண்கள் தாமே முடிவு செய்து புறப்படலாம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோமா?

3. நிறுத்தக் கூடாத மாத்திரைகள் எவை? அவற்றின் பெயரைப் பிள்ளைகளும் அறிவார்களா?

4. வரும் ரமலானுக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர் யார்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாத வீடாக உங்கள் வீடு இருந்தால், இன்றிரவு உறங்குமுன் அதை முடிவு செய்யுங்கள். ஆயுள் இறைவன் கையில். ஆனால் அவன் நமக்குத் தந்த அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி நம்மிடமே கேள்வி கேட்கப்படும். நம் இல்லங்களையும் அண்டை அயலாரின் இல்லங்களையும் அல்லாஹ் நோயின்றிக் காப்பானாக! ஆமீன்.